வாய்க்கால் வீடு

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஹாலந்தில் கடிதம் வருவது அதிசயமில்லை. இங்கே மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசுவதைவிட அலுவலகங்கள் மனிதர்களுக்கு எழுதுவது அதிகம். இது தண்ணீர் வாரியத்திலிருந்து வந்திருந்தது. ஊரை ஆளுகிற நகராட்சி வேறு, தண்ணீரை ஆளுகிற இந்த வாரியம் வேறு. இதற்குத் தனியாக வரி கட்டுகிறோம், தனியாக ஓட்டும் போடுகிறோம். தண்ணீருக்குத் தேர்தல் நடத்துகிற ஊரில் நான் குடியிருக்கப் போகிறேன் என்று பாளையங்கோட்டையில் யாராவது ஆரூடம் சொல்லியிருந்தால், வீட்டில் அவருக்கு ஒரு வாய் காப்பிகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடிதத்தின் சாரம் இதுதான்: உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிறு வாய்க்காலில் நடுக்கோடு வரை உங்கள் பொறுப்பு. அந்தப் பாதியில் பாசியும் கோரையும் மண்டியிருக்கின்றன. இலையுதிர்காலச் சோதனைக்கு எங்கள் ஆட்கள் வருமுன் சுத்தம் செய்துவிடவும். செய்யாவிட்டால் நாங்களே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வாங்கிக்கொள்வோம். கடைசியில் ‘நட்பான வணக்கங்களுடன்’ என்று முடித்திருந்தார்கள். இங்கே மிரட்டல்கூட நட்பான வணக்கத்தோடுதான் வரும்.

எதைக் கொண்டு அள்ளுவது, அள்ளியதை எங்கே கொட்டுவது என்று கேட்க வாரியத்துக்கு ஃபோன் செய்தேன். இந்த மொழியில் சிறு வாய்க்காலுக்கு ‘ஸ்லோட்’ என்று பெயர். அதையே குறிலாக்கி ‘ஸ்லொட்’ என்றால் பூட்டு. குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் தெரிவதற்காகத் தமிழ் டீச்சரிடம் எத்தனையோ குட்டு வாங்கியவள் நான். பதற்றத்தில் நெடிலை விழுங்கிவிட்டேன். "என் பூட்டில் பாசி பிடித்திருக்கிறது, என் பாதியை மட்டும் எப்படிச் சுத்தம் செய்வது?" என்று கேட்டிருக்கிறேன். மறுமுனையில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு, பூட்டு ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிடச் சொன்னாள். பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் ரூபி, பத்து வயது, நெற்றியில் அடித்துக்கொண்டு ரிசீவரைப் பிடுங்கிப் பேசி முடித்தாள். பிறகு என்னிடம், அதுவும் டச்சில்தான், "அம்மா, இனிமேல் ஆபீஸுக்கெல்லாம் நானே பேசுகிறேன்" என்றாள். வீட்டு நிர்வாகம் கைமாறியது அப்படித்தான்.

சனிக்கிழமை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கடிதம் வந்த அன்றைக்கே என் கணவருக்கு முதுகுவலி வந்திருந்தது. எதிர்க்கரையில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், யான் என்று பெயர், நின்றுகொண்டிருந்தார். டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருடைய பாதி பளிச்சென்று இருந்தது. என் பாசி காற்றில் நகர்ந்து நடுக்கோட்டைத் தாண்டினால், நீளக் கம்பு வைத்த வாரியால் அதை மெதுவாக இழுத்து என் பக்கத்துக்கே திருப்பி அனுப்பினார். முகத்தில் கோபமே இல்லை. அடுத்த வீட்டு ஆடு உள்ளே வந்துவிட்டால் ஓட்டிவிடுகிற மாதிரி செய்தார்.

முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்ன வாய்க்காலின் பேரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத என்னைத்தான், பாளையங்கோட்டையில் ஒரு தெரு முழுக்கக் கால்வாய் நிபுணர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை என் அண்ணனின் வயலை என்ன செய்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

தாமிரபரணியிலிருந்து வருகிற பெரிய கால்வாயில், எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் மேற்கே ஒரு கிளை பிரிகிறது. கொக்கு வாய்க்கால் என்பார்கள். வீடுகளின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு வந்து, கடைத்தெரு ஓரமாகவே போய், ஊரைத் தாண்டி வயல்களில் இறங்கும். அது முடிகிற இடத்தில், கடைமடையில், எங்கள் அப்பா விட்டுப்போன வயல் இருக்கிறது. சாமுவேல் அண்ணன்தான் பார்த்துவருகிறார். அண்ணன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஊரில் எல்லோருக்கும் ‘டிராயிங் சார்’. சம்பளம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாலும் தான் ஒரு சம்சாரி, மண்ணை உழுகிற விவசாயி, என்றுதான் அவருக்கு நினைப்பு.

ஆனி, ஆடியில் கார் சாகுபடிக்குத் திறக்கிற தண்ணீர் கடைமடைக்கு எட்டாது. ஐப்பசி மழையை ஒட்டிப் பிசான சாகுபடிக்குச் செம்மண் கலரில் வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு. வருஷத்துக்கு ஒரு போகம். அந்த நெல்லில் பொங்கிய முதல் சோற்றை ஜெபம் பண்ணாமல் யாரும் தொட அண்ணன் விடமாட்டார். கடையில் வாங்கிய அரிசிக்கு அவர் அவ்வளவு நீளமாக ஜெபம் பண்ணி நான் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் கோடையில் தண்ணீரை அடைத்ததும் வயல்காரர்கள் ஆளுக்கு இத்தனை கோல் என்று அளந்துகொண்டு தூர்வாருவார்கள். அதில் புனிதம் ஒன்றும் கிடையாது. "ஒங் கோலு குட்டை, எங் கோலு நீளம்" என்று பாதி நேரம் சண்டைதான். ஆனால் சண்டை போட்டவர்கள் வாய்க்காலுக்குள் நின்று போட்டார்கள். பிறகு வயல்கள் மனைகளாயின, ஊர் வளர்ந்தது, மாநகராட்சி என்ற பெரிய பெயரும் வந்து சேர்ந்தது. வாய்க்கால் நகரத்துக்குள் அகப்பட்டுக்கொண்டதும் அது யாருடையது என்ற கேள்வி பிறந்தது. ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டால் "தண்ணி எங்களது, கரை அவங்களது" என்பார்கள். இன்னொன்றில் கேட்டால் "கரை எங்களதுதான், குப்பை தண்ணிக்குள்ளல்லா கெடக்கு" என்பார்கள். எந்தெந்த அலுவலகம் என்பது வேண்டாம். அண்ணன் இன்னும் அந்த ஊரில்தான் குடியிருக்கிறார்.

ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வீட்டை விற்கும்போது "வாய்க்கா ஓரம், நல்ல காத்து" என்பார்கள். அதே வீட்டுப் பின்வாசலில் மீன் கழுவின தண்ணீரைக் கொட்டும்போது "சாக்கடையிலதான ஊத்துதேன்" என்பார்கள். ஒரே தண்ணீருக்கு முன்வாசலில் ஒரு பெயர், பின்வாசலில் ஒரு பெயர். எங்களுக்கெல்லாம் இது வேடிக்கையாக இருந்தது. அண்ணனால் மட்டும் சாக்கடை என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டு கேட்க முடியாது. வாய்க்கால் என்று இருக்கிறவரை அதன் கடைசியில் இருப்பது நன்செய். சாக்கடை என்று காகிதத்தில் ஏறிவிட்டால் கடைசியில் இருப்பது வெறும் பள்ளம். பள்ளத்துக்குத் தண்ணீர் விடுங்கள் என்று எந்த அலுவலகத்தில் போய்க் கேட்க முடியும்?

கடைத்தெருவில் வாய்க்கால்மேல் முதல் சிமெண்டு ஸ்லாப்பைப் போட்டவர் பொன்னையா அண்ணாச்சி. கம்பி, சிமெண்டு வியாபாரம். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அப்பா இறந்த அன்றைக்குப் பந்தல் போடுவதிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை கூடவே நின்றவர். கடைக்கு ஆட்கள் ஏறிவர ஒரு பலகை என்றுதான் ஆரம்பித்தார். பலகை ஸ்லாப் ஆனது. வெயிலுக்கு ஸ்லாப்மேல் ஒரு தகரக்கூரை வந்தது. கூரைக்குக் கீழே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஒரு சுவர். இதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களா? கொஞ்ச வருஷத்தில் கடைத்தெருவில் வாய்க்காலை அங்கங்கே எட்டித்தான் பார்க்க முடிந்தது, இறங்கித் தூர்வார முடியவில்லை.

3

போன வருஷம் ஆகஸ்டில் ரூபியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணனுக்கு ஓர் ஆல்பம் எடுத்துப் போனேன், படம் வரைகிறவருக்குப் பார்க்கப் பிடிக்குமே என்று. ஹாலந்தில் எந்தப் பக்கம் காமிராவைத் திருப்பினாலும் பின்னால் ஒரு கால்வாய் வந்து நின்றுகொள்ளும். ரூபியின் பிறந்தநாள் படத்தில் கால்வாய், என் கணவர் சைக்கிளிலிருந்து விழுந்த இடத்தில் கால்வாய், ஆலயத்துக்குப் போகிற வழியில் இரண்டு கால்வாய். ஒவ்வொரு படத்துக்கும் கீழே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தேன். தமிழ் மறக்கவில்லை என்று காட்டிக்கொள்ளத்தான்.

அதில் ஒரு படம், கால்வாயில் மிதக்கிற ஒரு வீடு. சன்னலில் பூந்தொட்டி, கதவில் தபால் பெட்டி, கூரையில் ஆன்டெனா. இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். படகு என்று எழுதினால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று நினைப்பார்கள். அது போவதே இல்லை, அங்கேயே கட்டிக் கிடக்கிறது, உள்ளே குடும்பம் நடக்கிறது. கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று ‘வாய்க்கால் வீடு’ என்று எழுதி, எழுத்தைச் சுற்றிப் பூவும் போட்டேன்.

வந்த அன்றைக்கே ரூபி பின்வாசலுக்குப் போய்க் கொக்கு வாய்க்காலைப் பார்த்தாள். ஹாலந்துக் குழந்தைகளுக்கு நீச்சல் பரீட்சை உண்டு. சட்டையும் ஷூவும் போட்டபடியே நீந்திக் காட்ட வேண்டும். கால்வாயில் தவறி விழுகிற பிள்ளை உடை மாற்றிக்கொண்டா விழும்? அதில் தேறியவள் என்பதால் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் ஆழம் கேட்பாள். இங்கே அதைக் கேட்கவில்லை. பாலித்தீன் பைகளையும் ஒரு பழைய மெத்தையையும் வெகுநேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"மாமா, இது யாரோட தண்ணி?"

அண்ணன் வாயைத் திறக்குமுன் அண்ணன் மனைவி, எங்கள் மைனி, சொல்லிவிட்டாள். "கர்த்தரோட தண்ணி, மக்ளே."

"அவருகிட்ட மனு குடுக்கதுதான் பாக்கி," என்றார் அண்ணன். "மத்த எல்லாருக்கும் குடுத்தாச்சு."

ரூபிக்குப் புரியவில்லை. எந்த ஆபீஸ் என்று மறுபடி கேட்டாள். மைனி அவள் கையில் முறுக்கைக் கொடுத்து அனுப்பினாள்.

நான் வந்த மூன்றாம் நாள் அண்ணன் என் அறைவாசலில் வந்து நின்றார். ஸ்லாப்புகளை இடிக்கச் சொல்லி அவர் கொடுத்த மனுவை விசாரிக்க, புதிதாக வந்திருக்கிற அதிகாரி ஒருவர் மறுநாள் நேரில் வருகிறாராம்.

"வாய்க்காலா சாக்கடையான்னு எழுதிட்டுப் போகப் போறாரு. வாய்க்கால்னு எழுதிட்டார்னா ஸ்லாப்ப எல்லாம் எடுத்தாகணும். நீ காலையில வெள்ளனே கெளம்பியிரு ஜெயா. வந்து ரெண்டு வார்த்த சொல்லு."

"நான் என்னத்தண்ணே சொல்ல? இன்ஷூரன்ஸ் கம்பெனியில கம்ப்யூட்டர் தட்டுதவ."

"ஹாலந்துல இருக்கேல்லா, அது போதும். என் தங்கச்சி அங்கன கால்வாய் பாக்கான்னு ஏற்கெனவே சொல்லி வச்சாச்சு."

"பாக்கேன்தான். சன்னல் வழியா பாக்கேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. அடுக்களையிலிருந்து மைனி குரல் கொடுத்தாள். "போயிட்டு வா ஜெயா. உள்ளூர்ல இருந்துக்கிட்டு இவுக கத்தினா எவன் கேக்கான்? பிளேன்ல வந்தவ சொன்னாவாச்சும் காதுல விழும். இந்த வாய்க்கா போச்சுன்னா வயலு போச்சு. வயலு போச்சுன்னா இந்த மனுசன நான் என்ன சொல்லித் தேத்த?"

அதற்குமேல் மறுக்க முடியவில்லை. கிளம்பும்போது அண்ணன் ஆல்பத்தையும் கையில் எடுத்துக்கொண்டார்.

4

கூட்டம் பொன்னையா அண்ணாச்சி கடைமுன்னால் நடந்தது. அதாவது வாய்க்கால்மேலேயே நடந்தது. நாற்காலிகளை ஸ்லாப்பில்தான் போட்டிருந்தார்கள். அதிகாரி இளவயது, மரியாதை தெரிந்தவர். அண்ணாச்சி அவருக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். இடிக்கச் சொல்லி மனுக் கொடுத்த அண்ணனுக்கும் கொடுத்தார். எனக்கு, வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்பதால், தீரத் தீர இன்னொன்று வந்துகொண்டிருந்தது.

அண்ணன் என்னை அறிமுகம் செய்துவைத்தார். நான் பேசினேன். ஹாலந்தில் வாய்க்காலில் பாதி இந்த வீட்டுக்காரர் பொறுப்பு, பாதி அந்த வீட்டுக்காரர் பொறுப்பு என்றேன். ஆள் வந்து சோதிப்பார்கள் என்றேன். தண்ணீருக்கென்று தனி வாரியம், தனித் தேர்தல் என்றேன். பேசப் பேச எனக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது. நடுவில் ஒருமுறை "எங்க நாட்டுல" என்றுகூடச் சொல்லிவிட்டேன். அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

"ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம்," என்றார் அதிகாரி. "நம்ம மக்களுக்கு இதெல்லாம் எப்ப வரும்?"

"அந்தப் புஸ்தகத்த இங்கன தாரும்வே, சாமுவேலு," என்று அண்ணாச்சி ஆல்பத்தைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ரூபி கேக் வெட்டுகிற படத்தைப் பார்த்து "பிள்ள அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்றார். பிறகு ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஏம்மா, இந்த வீடு எங்கன நிக்கி?"

"தண்ணி மேலதான் அண்ணாச்சி."

"தண்ணின்னா, வாய்க்காலா?"

"ஆமா."

"கரண்டு உண்டா?"

"உண்டு."

"அரசாங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். வரி கட்டுதாங்க. நம்பர்கூட உண்டு, தபால் வரும்."

அண்ணாச்சி ஆல்பத்தை அதிகாரி மடியில் வைத்தார். என் கையெழுத்தை விரலால் தொட்டு, சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "வாய்க்கால் வீடு. நான் சொல்லல சார், எழுதியே இருக்கு. வாய்க்கால ஒழுங்கா வச்சிருக்க தேசத்துல வீட்டையே தூக்கி வாய்க்கா மேல வச்சு, நம்பரும் குடுத்து, கரண்டும் குடுக்கான். நாங்க ஒரு ஸ்லாப் போட்டதுக்கு இடிக்கணும்ங்காக. நல்லா இருக்கா?"

"அண்ணாச்சி, அது படகு," என்றேன். "மிதக்கும். தண்ணிய மறிக்காது."

"எங்க ஸ்லாப்பு மறிக்கா? அடியில ஓடுத சத்தம் கேக்குதுல்லா? காது குடுத்துக் கேளுங்க."

எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டார்கள். காலுக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது. அதிகாரிகூடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். "அண்ணாச்சி, அந்த வீட்ட இழுத்தா நகரும். ஒங்க கடைய இழுத்தா நகருமா?"

"இடிக்கணும்னு மனு குடுத்தீரு. இப்ப இழுக்கணும்ங்கீரு. ஒரு முடிவுக்கு வாரும்வே."

கூட்டம் சிரித்துவிட்டது. நம் ஊரில் கூட்டம் சிரித்துவிட்டால் தீர்ப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அதிகாரி என் பக்கம் திரும்பி, "அங்க கவர்ன்மெண்டே பர்மிஷன் குடுக்குதா மேடம்?" என்று கேட்டார். "குடுக்குது, ஆனா…" என்று ஆரம்பித்தேன். ‘ஆனா’வுக்குப் பிறகு நான் சொன்னதைக் கேட்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணாச்சி அந்தப் படத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆல்பத்திலிருந்து உரித்துக் கொடுத்ததும் நான்தான். எப்படி மறுப்பது? அப்பா பந்தலில் நின்றவர்.

ஆல்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அண்ணன் எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தார். தெருமுனையில் நின்று, "நீ நல்லாத்தான் பேசின," என்றார்.

5

பதிவு செய்துவிட்டுப் பல வருஷம் காத்திருந்து, அப்போதுதான் அண்ணன் வீட்டுக்கு டெலிபோன் வந்திருந்தது. நான் ஹாலந்துக்குத் திரும்பிய பிறகு செய்திகள் அதன் வழியாகத் துண்டு துண்டாக வந்தன. ஸ்லாப்புகளை இடிக்கவில்லை. முறைப்படுத்தினார்கள். இந்தக் கோடையில் தண்ணீர் அடைத்திருந்தபோது கடைத்தெரு நீளத்துக்கும் ஒரே மட்டமாகப் புது ஸ்லாப் போட்டு, மேலே வரிசையாகக் கடைகள் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் நம்பர் உண்டு, கரண்டு உண்டு. தபாலும் வருகிறதாம். நான் சொன்னதில் எதையும் விட்டுவிடவில்லை.

"கடைசியில என்னன்னு எழுதினாங்கண்ணே? வாய்க்கால்னா, சாக்கடைன்னா?"

"ரெண்டும் இல்ல. ‘மூடிய நீர்வழி’ன்னு எழுதியிருக்கான். நல்ல தமிழு," என்றார் அண்ணன்.

இதை நான் யானிடம் சொன்னேன். எதிர்க்கரையில் நின்று ஒன்றுவிடாமல் கேட்டார். ஹாலந்துக்காரர் ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஐயோ பாவம் என்று சொல்வார், எனக்கும் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவரோ சூப்பர்மார்க்கெட் இருக்கிற திசையைக் காட்டினார். "அங்கே கார் நிறுத்துகிறோமே, அது நான் சிறுவனாக இருந்தபோது கால்வாய். ஒரே நாற்றம். மண்ணைப் போட்டு மூடினார்கள். தெருவே கைதட்டியது. இப்போது திரும்பத் தோண்ட வேண்டும் என்று மனு எழுதுகிறார்கள். நான்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

"மூடும்போதும் யாராவது கையெழுத்து வாங்கினார்களா?"

"வாங்கினார்கள். என் அப்பா போட்டார்."

இவர்களும் நம்மைப் போலத்தான் என்று முதலில் ஓர் அற்ப சந்தோஷம் வந்தது. வீட்டுக்குள் வந்து தேநீர் போடும்போது அது போய்க் கோபம் வந்தது. இவர்களுடைய கால்வாயின் கடைசியில் கடல் இருந்தது. எங்கள் வாய்க்காலின் கடைசியில் அண்ணன் இருந்தார். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று மூடியவர்கள் சாவகாசமாகத் திறந்துகொள்ளலாம். நெல்லுக்கு அந்தச் சாவகாசம் கிடையாது.

வாரியத்தின் சோதனை நாளும் வந்தது. ஒரே ஓர் ஆள், கையில் ஒரு கம்பு. கரையோரமாக நடந்து வந்து, என் பாதியைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குப் பரீட்சையில் தேறிய மாதிரி இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதை உடனே அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று டெலிபோன் வரை போய்விட்டேன். பிறகுதான் ஊரில் அது எந்த மாதம் என்று நினைவு வந்தது.

6

ஊரில் ஐப்பசி. இந்த வருஷம் மழை குறை வைக்கவில்லை. அணை நிறைந்து, பெரிய கால்வாய் கரையைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று முந்தின முறை மைனி சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். அண்ணன் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து நாற்றுப் பாவியிருந்தார். கொக்கு வாய்க்காலிலும் தண்ணீர் விட்டார்கள். கடைத்தெருவின் மேற்கு முனைவரை வந்தது. அங்கே ஸ்லாப்புக்கு அடியில் நுழைந்தது. கிழக்கு முனையில் வெளியே வரவில்லை.

அடைப்பு எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை. "எங் கடைக்கு அடியில இருக்காது, அடுத்த கடைக்கு அடியிலதான்" என்று வரிசையாக எல்லோரும் சொன்னார்களாம். பொன்னையா அண்ணாச்சி உண்மையாகவே மனம் வருந்தி, ஆள்விட்டு இரண்டு முனையிலும் மூங்கிலால் குத்திப் பார்க்கச் சொன்னாராம். மூங்கிலும் உள்ளே மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஸ்லாப்பைப் பெயர்த்தால் கடை போய்விடும். அண்ணன் பழைய அலுவலகங்களுக்கே மறுபடி நடந்தார். வாய்க்கால் என்றால் இந்த அலுவலகம், சாக்கடை என்றால் அந்த அலுவலகம், மூடிய நீர்வழியைப் பற்றித் தங்களுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை என்று இரண்டு இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார்களாம்.

நான் இதை என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ரூபி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். டெலிபோனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "மாமாவோட தண்ணி ஆபீஸ் நம்பர் குடு. நான் பேசுறேன்." தமிழில் சொன்னாள். அவளாக விரும்பித் தமிழில் பேசி எத்தனையோ நாளாகிறது. அவளிடம் என்ன நம்பரைக் கொடுப்பேன்? அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஆராதனை முடிந்து வந்திருப்பார்கள் என்ற நேரத்தில் கூப்பிட்டேன். மைனிதான் எடுத்தாள்.

"நாத்து முத்திப்போச்சு ஜெயா. இனிமே நட்டாலும் பிடிக்காது. நேத்து அறுத்து மாட்டுக்குப் போட்டுட்டாக. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாத. உன்ன ஒரு வார்த்த அவுக சொல்லல."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். அதற்குள் அண்ணன் வாங்கிவிட்டார். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. ரூபி எப்படி இருக்கிறாள், அங்கே குளிர் வந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒரு சோலி வந்திருக்கு. அந்தக் கடைகளுக்கு மொத்தமா ‘ஹாலந்து காம்ப்ளெக்ஸ்’னு பேரு வைக்காக. பெரிய போர்டு. அதுல உன் போட்டோவப் பாத்து அந்த வீட்ட வரையணுமாம். அண்ணாச்சி வீட்டுக்கே வந்துட்டாரு."

"நீங்களாண்ணே வரையணும்? முடியாதுன்னு சொல்லுங்க."

"சொன்னேன். பொறவு யோசிச்சுப் பாத்தேன். வேற எவன் கையிலயாவது குடுத்தா அதையும் ஒரு கடை மாதிரி வரைஞ்சு வச்சிருவான். நான் வரைஞ்சா அது மிதக்கும். பாக்குதவன் எவனுக்காவது ஒரு நாளு தோணும்லா, இது படகுல்லான்னு."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ஜெயா, இருக்கியா? ஒண்ணு கேக்கணும். போட்டோ கடையில வெயில் பட்டு வெளுத்துப்போச்சு. தண்ணி என்ன கலருன்னு தெரியல."

"கரும்பச்சைண்ணே."

"செம்மண் கலரு கெடையாதா? மழைக்குப் பொறவு கூட?"

"இல்லண்ணே. எப்பவும் கரும்பச்சைதான்."

"சரி, இருக்கட்டும்," என்றார் அண்ணன். "நான் நம்ம பிசானத் தண்ணி கலர்லயே அடிச்சிருதேன். போர்டுலயாவது வரட்டும்."